என்னை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை

வடசென்னையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். திருநங்கை. 2023 ஆயுத பூஜை முடிந்த கையோடு ஒரு சீட்டுப் பண வழக்கில் கைதாகி, தீபாவளியை உள்ளே கழித்துவிட்டு ஜாமீனில் வந்தேன். வழக்கு இன்னும் நடக்கிறது. அதனால் ஸ்டேஷன், கோர்ட், சிறை எதன் பெயரையும் எழுதவில்லை. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதும் இங்கே பேச்சில்லை, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். திருநங்கையோ திருநம்பியோ (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்) கைதானால் சிறையில் அவரை எந்தப் பக்கம் வைப்பார்கள், அதை யார், எப்போது, எந்தக் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் ஒன்றாகச் சேர்ந்து வாழும் எங்கள் கூட்டத்தில், மூத்தவர்கள் ஸ்டேஷன் அனுபவங்களைக் கதை கதையாகச் சொல்வார்கள். சிறைக்குள் போய் வந்தவர்கள் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். எனக்கும் வாய் திறக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சீட்டு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா ஏலச்சீட்டு நடத்தினார். கடைக்கு வரும் பெண்களை நான் சேர்த்துவிட்டேன், மாதாமாதம் வசூல் செய்தும் கொடுத்தேன். என் பணமே 60,000 ரூபாய் அதில் இருந்தது. ஒரு நாள் அந்த அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பணம் கட்டியவர்களுக்குத் தெரிந்த முகம் நான்தான், புகாரும் என் பேரில் போனது. "சும்மா வந்து பேசிட்டுப் போ" என்று ஏட்டு போன் செய்தார். தீபாவளி ஜாக்கெட் துணிகளை வெட்டிப் போட்டிருந்த நேரம். போட்டது போட்டபடி, செல்போனும் ஆதாரும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலத்துக்குள் 420 என்றார்கள், அரெஸ்ட் என்றார்கள்.

ஏழு வருடம் வரை தண்டனை தரக்கூடிய குற்றத்துக்கு எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, விசாரணைக்கு வரச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கைது அவசியம் என்றால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்போது அதை 41ஏ நோட்டீஸ் என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் வந்த பிஎன்எஸ்எஸ் என்ற புதிய சட்டத்தில் அதுவே 35(3). இந்த நோட்டீஸ் என்ற ஒன்று இருப்பதையே சிறைக்குள் வந்த வக்கீல் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். போனில் கூப்பிட்டால் நோட்டீஸ் கேளுங்கள். கேட்க வாய் வரவில்லையென்றால் குறைந்தது ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், எங்கே போகிறோம் என்று இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கைதானதும் எழுதும் காகிதங்களில்தான் என் தலையெழுத்து முடிவாகிவிட்டது. என் ஆதாரில் அப்போது பழைய பெயர், பாலினம் ஆண். திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல்) உரிமைகளுக்கான 2019 சட்டப்படி கலெக்டர் கொடுத்த அடையாளச் சான்றிதழும் கார்டும் என்னிடம் உண்டு, வீட்டு பீரோவில் இருந்தது. "எங்கிட்ட வேற கார்டு இருக்கு சார், போன் பண்ணா கொண்டு வந்து தருவாங்க" என்றேன். "ஆதார் போதும்" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். கைது குறிப்பில் ஆண் என்று விழுந்தது. அதைப் பார்த்து மருத்துவப் பரிசோதனைக்கான கடிதத்திலும் ஆண். டாக்டர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், அதில் இருந்ததையே எழுதினார். ரிமாண்ட் ரிப்போர்ட்டிலும், அதாவது சிறைக் காவலில் வைக்கச் சொல்லிப் போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுக்கும் காகிதத்திலும், அதே. காவலர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காகிதத்தைப் பார்த்து அடுத்த காகிதம் எழுதுவது எல்லா ஆபீசிலும் நடப்பதுதான். ஆனால் முதல் காகிதத்தைத் திருத்துவது சுலபம், ஐந்தாவது காகிதத்தைத் திருத்துவதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். கைது குறிப்பில் கையெழுத்துக் கேட்கும்போது பாலினம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். திருத்த மறுத்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "நான் திருநங்கை, என்னிடம் அடையாளச் சான்றிதழ் உள்ளது" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கைதை யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ரத்த சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நண்பர் பெயரையோ நாம் விரும்பும் வேறு ஒருவர் பெயரையோ சொல்ல சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் பயத்தில் ஊரில் இருக்கும் அண்ணன் நம்பரைக் கொடுத்தேன். "எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியபோது இருட்டிவிட்டது. என்னுடன் வேறு வழக்குகளில் பிடிபட்ட பையன்கள் சிலரும் வரிசையில் நின்றார்கள். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவ்வளவுதான், 15 நாள் ரிமாண்ட். மொத்தமாக இரண்டு நிமிடம் இருக்குமா என்று சந்தேகம். அந்த இரண்டு நிமிடத்துக்கு எவ்வளவு விலை என்று அப்போது எனக்குத் தெரியாது. மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டு அனுப்பும் ரிமாண்ட் வாரண்ட்தான் சிறை அதிகாரிக்குப் போகும் உத்தரவு. அதில் ஒரு வரி இருந்தால் சிறைவாசலில் யாரும் நம்மிடம் வாதாட மாட்டார்கள், அந்த வரியைச் செயல்படுத்துவார்கள். அதனால் அங்கே வாய் திறந்தே ஆக வேண்டும். பெரிய ஆங்கிலம் எல்லாம் வேண்டாம். "நான் திருநங்கை. ஆண் கைதிகளோடு என்னை வைத்தால் எனக்கு ஆபத்து. ஆண்களிடமிருந்து பிரித்து வைக்கவும், அதற்காகத் தனிமையில் பூட்டி வைக்காமல் இருக்கவும் வாரண்டில் எழுதுங்கள். என்னைப் பெண்கள்தான் சோதனை செய்ய வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்." இதைச் சொன்னால் போதும். வக்கீல் இல்லையென்றால் "இலவச சட்ட உதவி வக்கீல் வேண்டும்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரிமாண்ட் சமயத்திலேயே அந்த வக்கீல் கிடைக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. நான் வாயடைத்து நின்றேன். சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. மனுஷ மனசு எதை எதையோ பிடித்துக்கொள்கிறது.

சிறைக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே லாக்கப், அதாவது சாயங்காலம் கைதிகளை அறைகளில் பூட்டுவது, முடிந்திருந்தது. நுழைவாயிலில் பதிவேட்டை விரித்து வைத்திருந்த வார்டர் வாரண்டைப் படித்தார். ஆண் பெயர். என்னைப் பார்த்தார். "இது என்னய்யா?" என்று எஸ்கார்ட் போலீஸைக் கேட்டார். அவர் "அதான் சார்" என்று சிரித்தார். அப்புறம் துணை ஜெயிலர் வந்தார், யாருக்கோ போன் போட்டார், பெண்கள் பக்கம் கேட்டார்கள் போல. பதிலாக ஒரு கேள்வி வந்தது. எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார்: "ஆபரேஷன் ஆயிடுச்சா?"

நான் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை. அது என் சொந்த விஷயம். ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம், அதற்கு ஆபரேஷன் கட்டாயமில்லை என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தத் தேதி மனப்பாடம், தமிழ்நாட்டில் ஏப்ரல் 15ஐத்தான் திருநங்கையர் தினமாகவும் கொண்டாடுகிறோம். கேக் வெட்டியிருக்கிறேன், மேடையில் ஆடியிருக்கிறேன். அந்த வாசலில் அந்தத் தீர்ப்பு என் நாக்கில் வரவில்லை. "இல்ல சார்" என்றேன். பெண்கள் பக்கம் முடியாது என்று ஆகிவிட்டது.

சோதனை செய்ய ஒரு ஆண் வார்டர் கூப்பிட்டார். சேலையை அவிழ்க்கச் சொன்னார். மாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அங்கே வயசான ஒரு வார்டர் இருந்தார். "இந்தாம்மா, அழாத, டாக்டர் ரூம்ல வச்சுப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, மேலதிகாரியிடம் பேசி, மருந்தாளர் அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு நர்ஸ் அம்மா வந்து, கதவைச் சாத்திவிட்டு, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அந்தப் பெரியவர் விதியைப் படித்து அப்படிச் செய்தாரா, மனசு கேட்காமல் செய்தாரா, எனக்குத் தெரியாது. ஆனால் விதி அதுதான். 2022 ஜனவரி 10 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு அறிவுரைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. திருநர் கைதியை அவர் விரும்பும் பாலினத்தைச் சேர்ந்தவர் அல்லது பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் சோதனை செய்ய வேண்டும், ஆடை களைய வேண்டியிருந்தால் தனி அறையில் செய்ய வேண்டும், தனிக் கழிப்பறை, குளியலறை வேண்டும், பதிவேட்டில் மூன்றாம் பாலினத்துக்கு இடம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் இந்தத் தேதியைப் பார்த்தால் அதிகாரிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அது வெறும் அறிவுரைதான், மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைப் போட்ட இடம் ஆஸ்பத்திரி பிளாக்கை ஒட்டி ஒரு செல். ஒற்றை ஆள். "உன் பாதுகாப்புக்குத்தான்" என்றார்கள். முதல் ராத்திரி நான் அங்கேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டேன். ஆண்கள் பிளாக்குக்குள் தள்ளிவிடவில்லை, அது போதும் என்றிருந்தது. ஒரு வாரம் போனபோது அதே செல் என்னைத் தின்ன ஆரம்பித்தது. மற்றவர்களை அடைத்த பிறகுதான் என்னைத் திறந்துவிடுவார்கள், அரை மணி நேரம் நடக்கலாம். டிவி கிடையாது, லைப்ரரி கிடையாது, பேச ஆள் கிடையாது. சாப்பாடு பரவாயில்லை, வெளியே இருப்பவர்கள் இன்னும் களி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தட்டை வைத்துவிட்டுப் போகிறவர் திரும்பிப் பார்க்காமல் போவார். ராத்திரியில் ஆண்கள் பிளாக்கிலிருந்து பாட்டுச் சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு இருப்பேன். தீபாவளி அன்று ஊரெங்கும் வெடிச் சத்தம். தைக்காமல் விட்ட ஜாக்கெட்டுகளை வரிசையாக மனசுக்குள் தைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தப்பு செய்ததற்காகக் கைதியைத் தனிக் கொட்டடியில் போட்டால் அதற்கு நாள் கணக்கு உண்டு, டாக்டர் வந்து பார்க்க வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லிப் போட்டால் கணக்கே இல்லை.

"திருநர்களைப் பிரித்து வை" என்ற விதிக்கு உள்ளேயே இந்தக் கோளாறு ஒளிந்திருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில் விரிவான வழிகாட்டுதல் கொடுத்தார். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு அது. அதில் சிறைத் துறைக்கும் ஒரு பகுதி உண்டு: திருநர் கைதிகளை ஆண் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், பாலியல் தாக்குதல் நடக்காமல் தடுப்பதற்காக. நல்ல உத்தரவு. 2022 உள்துறைக் கடிதமும் தனி இடம் வேண்டும் என்கிறது, கூடவே அது அவர்களை முழுக்க ஒதுக்கி வைப்பதாக ஆகிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு சிறையில் திருநங்கைகள் பத்துப் பேர் இருந்தால் தனித் தொகுதி என்பதற்கு அர்த்தம் உண்டு. ஒருத்தி மட்டும் இருந்தால்? பிரித்து வைப்பது என்றால் பூட்டி வைப்பதுதான். 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கைக்கு முன்பு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் எங்களுக்கு என்று தனிக் கணக்கே இல்லை, அதற்கும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியிருந்தது. எண்ணாதவர்களுக்கு யார் இடம் கட்டி வைப்பார்கள்?

சரி, அப்படியானால் எங்கேதான் வைக்க வேண்டும்? ஜமாத்தில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். பெண்கள் சிறைதான் எங்கள் இடம் என்பவர்கள் உண்டு. அங்கே இருக்கும் பெண்கள் எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா, ஏதாவது ஒன்றென்றால் முதல் பழி எங்கள் மேல்தானே விழும் என்று தயங்குபவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு திருநம்பி, தன்னை ஆண் என்று நூறு முறை சொல்பவர், கைதானபோது பெண்கள் சிறையையே கேட்டு வாங்கினார். ஆண்கள் சிறையில் தனக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கலிபோர்னியாவில் 2021 முதல் கைதியிடமே எந்தச் சிறை வேண்டும் என்று கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்றும், இங்கிலாந்தில் பெண்கள் சிறைக்குள் நடந்த ஒரு தாக்குதலுக்குப் பிறகு விதிகளை இறுக்கிவிட்டார்கள் என்றும் என் வக்கீல் சொன்னார். அங்கேயே இழுபறி என்றால் இங்கே சொல்லவே வேண்டாம். என் கருத்து இதுதான்: ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கேட்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், சில நாள் கழித்து மறுபடி கேட்க வேண்டும். முதல் நாள் எனக்குத் தனி செல்தான் வேண்டியிருந்தது. பத்தாவது நாள் அதுவே தண்டனையாகிவிட்டது.

மாத்திரை விஷயத்தையும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த ஹார்மோன் மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிடுகிறேன். உள்ளே போனதும் நின்றுவிட்டது. சிறை டாக்டர் கெட்டவர் இல்லை, "சீட்டு இல்லாம நான் எப்படிம்மா எழுதுறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், தூக்கம் போய்விட்டது, மனசு பாதாளத்துக்குப் போனது. தனி செல் பாதி, மாத்திரை நின்றது பாதி. உங்கள் ஓ.பி. சீட்டின் நகலை உங்களுக்கு வேண்டிய ஒருவரிடம் இன்றைக்கே கொடுத்து வையுங்கள். உடை விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், விசாரணைக் கைதிக்குச் சொந்த உடை அணிய உரிமை உண்டு. என் சேலையை "தூக்குப் போட்டுக்குவ" என்று வாங்கி வைத்துக்கொண்டு லுங்கி கொடுத்தார்கள். நைட்டி, சுடிதார் கேட்டு எழுதிக் கொடுத்த பிறகு நைட்டி கிடைத்தது. வாயால் கேட்டது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, எழுதிக் கொடுத்தது பாதியாவது கிடைத்தது.

இன்னொரு அடி, மனு. சிறையில் பார்க்க வருவதை மனு பார்ப்பது என்பார்கள். என் குரு அம்மா, ஜமாத்தில் என்னை மகளாக எடுத்துக்கொண்டவர், அறுபதைத் தாண்டியவர், இரண்டு பஸ் மாறி வந்து மனு போட்டார். உறவு என்ற இடத்தில் "மகள்" என்று எழுதியிருக்கிறார். ஆதாரில் முகவரி வேறு, என் பெயர் வேறு, பாலினம் வேறு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே மர நிழலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இது தெரியாது. யாருமே வரவில்லை என்று அவர்கள் எல்லோர் மேலும் கோபத்தில் இருந்தேன். உள்ளே சேர்க்கும்போது யார் யார் பார்க்க வருவார்கள் என்று கேட்பார்கள். அப்போதே குரு, தோழி, வீட்டு ஓனர், யாராக இருந்தாலும் ஆதாரில் உள்ள பெயர்படி சொல்லி, நண்பர் என்று எழுதச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வருபவரும் மனுவில் கைதியின் பெயரை வாரண்டில் இருக்கிற மாதிரியே எழுத வேண்டும். பழைய பெயரை எழுத அம்மாவுக்குக் கை கூசியது. ஆனால் பார்க்க விட்டால் போதும் என்று அடுத்த முறை அதையே எழுதினார், நண்பர் என்றும் போட்டார், விட்டார்கள். அவர்தான் ஓ.பி. சீட்டையும் கலெக்டர் சான்றிதழ் நகலையும் கொண்டு வந்தவர். மாத்திரை திரும்பக் கிடைத்தது அதனால்தான்.

பணம் போன கதைக்கு வருகிறேன். கைதான மறுநாளே கோர்ட் வராந்தாவில் ஒரு ஆள் என் தோழியைப் பிடித்து, "ரெண்டு நாள்ல வெளிய எடுத்துடலாம்" என்று ஒரு வக்கீலிடம் கூட்டிப் போயிருக்கிறார். 15,000 முதலில், பெட்டிஷன் செலவு என்று இன்னும் 10,000. போட்ட ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது, அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. உள்ளே நான் எந்த நிலைமையில் இருக்கிறேன் என்று அவர் ஒரு வரிகூடக் கேட்கவில்லை, என்னை வந்து பார்க்கவும் இல்லை. சிறைக்குள் சட்ட உதவி மையம் இருக்கிறது என்று எனக்குச் சொன்னது, டாக்டரைப் பார்க்க வரிசையில் நின்ற இன்னொரு திருநங்கை. சின்னப் பெண். அவளை ஆண்கள் ரிமாண்ட் பிளாக்கிலேயே வைத்திருந்தார்கள். "ஒரு அண்ணன் பாத்துக்கறாரு அக்கா" என்றாள். அதற்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை.

காவலில் இருக்கும் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. வெளியே இருப்பவர்கள் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கிறது. எனக்கு வந்தவர் இளம் வக்கீல், பெண். வந்ததும் வழக்கைக் கேட்கவில்லை, "உங்களை எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்க அவர் நேரம் முழுவதும் போய்விட்டது. இரண்டு மனு தயார் செய்தார். ஒன்று சிறைக் கண்காணிப்பாளருக்கு, இன்னொன்று ரிமாண்ட் செய்த கோர்ட்டுக்கு. சுஷ்மா உத்தரவு, 2022 கடிதம், என் அடையாளச் சான்றிதழ் மூன்றையும் இணைத்தார். "தனி செல்லில் வைக்கக் கூடாது" என்று மட்டும் எழுதினால் ஆண்கள் பிளாக்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொல்லி, என்னென்ன வேண்டும் என்பதைப் பிரித்துப் பிரித்து எழுதினார்: பகலில் கதவு திறந்திருக்க வேண்டும், குளிக்க மறைவான இடம், மாத்திரை, சொந்த உடை, பார்க்க வருபவர்களை விடுவது, நூலகம். இது பெரிய பாடம். "பாதுகாப்பு" என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பூட்டுதான் கிடைக்கும்.

ரிமாண்ட் நீட்டிப்புக்கு வீடியோவில் நிறுத்தியபோது நானே பேசினேன். திரையில் மாஜிஸ்திரேட் சின்னதாகத் தெரிந்தார். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. அவர் சிறையிடம் அறிக்கை கேட்டார். அறிக்கை போய்ச் சேர்வதற்கு முன்பே என்னை மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி பிளாக்கின் ஓரத்தில் இரண்டு சின்ன அறைகள், நடுவில் ஒரு நடை, பக்கத்திலேயே தனிக் கழிப்பறை. அந்தச் சின்னப் பெண்ணையும் அங்கே கொண்டு வந்தார்கள். பகலில் கதவு திறந்திருந்தது. இதற்குப் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, ஒரு பைசா செலவு இல்லை. அந்த அறைகளில் பழைய இரும்புக் கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள், அதை எடுத்தார்கள், அவ்வளவுதான். ரிமாண்ட் நீட்டிப்பு ஒவ்வொன்றும் நீதிபதியிடம் பேச இன்னொரு வாய்ப்பு. முதல் நாள் வாய்ப்பை விட்டவர்கள் இதையாவது விடாதீர்கள்.

செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு ஷூரிட்டி, அதாவது நமக்காகப் பொறுப்பேற்கும் ஜாமீன்தாரர்கள், தலா 10,000 ரூபாய்க்கு. ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் வேண்டும். எங்கள் ஆட்களில் சொந்த வீடு யாருக்கு இருக்கிறது? வீட்டு ஓனர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கோர்ட் வாசலில் தொழிலாகவே ஷூரிட்டி போடுபவர்கள் ஆளுக்கு 5,000 கேட்டார்கள். என் வக்கீல் அந்தப் பக்கமே போகாதீர்கள், போலி ஆவணம் என்று தெரிந்தால் ஜாமீனும் போய் இன்னொரு வழக்கும் வரும் என்றார். கடைசியில் எனக்கு ரெகுலராகத் துணி கொடுக்கும் ஒரு டீச்சரம்மா வந்தார், இன்னொருவர் அம்மாவின் பழைய பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் வேலைக்கு லீவு போட்டு வந்தார்கள், அந்தக் கடனை நான் எதில் தீர்ப்பது? ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஷூரிட்டி கொடுக்க முடியாமல் உள்ளேயே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், தளர்த்தச் சொல்லி முன்பே மனு போடலாம். ஜாமீன் உத்தரவு சாயங்கால லாக்கப்புக்கு முன்பு சிறைக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அன்று விடமாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு ராத்திரி கூடுதலாகப் போனது.

வெளியே வந்து கணக்குப் பார்த்தேன். வக்கீல் பேரில் போன 25,000, தோழிகள் அலைந்த செலவு, பூட்டிய கடைக்கு வாடகை, தீபாவளிக்குத் தைக்க வாங்கிய அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்தது, கெட்டுப்போன பட்டுத் துணி ஒன்றுக்கு நஷ்ட ஈடு, எல்லாம் சேர்ந்து 70,000 ரூபாயைத் தாண்டியது. சீட்டில் போன 60,000 தனி. கண்டிஷன் பெயில் என்பதால் தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அதனால் பொங்கல் வேலையும் பாதியாகப் போனது. அரசுத் தரப்பில் அந்த அக்காவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என் ஆதாரில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிவிட்டேன். கலெக்டர் சான்றிதழ், ஓ.பி. சீட்டு, வக்கீல் எழுதிய அந்த மனுவின் நகல், மூன்றும் அம்மா வீட்டில் ஒரு கவரில் இருக்கின்றன. போட்டோ எடுத்துத் தோழி செல்போனிலும் வைத்திருக்கிறேன். ஜமாத்தில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் எனக்குப் போன் வருகிறது, ரிமாண்டுக்கு முன்னால் அந்தக் கோர்ட் வாசலில் போய் நிற்கிறேன். சில நேரம் வாரண்டில் அந்த வரியை எழுத வைக்க முடிகிறது, சில நேரம் "அதெல்லாம் ஜெயில்ல பாத்துப்பாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சின்னப் பெண் எனக்கு அப்புறம் ஜாமீனில் வந்தாள், இப்போது என் கடையில் காஜா எடுக்கிறாள், கை சுத்தம்.

என் வழக்கில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. அதில் இன்னும் பழைய பெயர்தான், ஆண் என்றுதான் இருக்கிறது. நாளைக்குத் தண்டனை என்று ஒன்று வந்தால் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் மறுபடியும் வாரண்ட் எழுதுவார்கள். பெயரையும் பாலினத்தையும் திருத்தக் கேட்டு மனு போட்டிருக்கிறோம், பதில் தாக்கல் செய்ய அரசுத் தரப்பு வாய்தா வாங்கியிருக்கிறது.